இன்னும் ஒரு ரவுண்டு

கிளட்சை அப்படி வெடுக்குன்னு விடாதம்மா, அதுக்கும் உனக்கும் என்ன பகையா? மெதுவா... மெதுவா விடு... ஆங், இப்பப் பாரு, எவ்வளவு அழகா நகருது. இதைத்தான் நீ வந்த நாள்லேருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். செகண்டு போடு. கையைப் பாக்காத, ரோட்டைப் பாரு. கியர் இருந்த இடத்துலதான் இருக்கும், கால் முளைச்சு ஓடிடாது.

என்னது, நேரமாச்சா? ஆகட்டுமே! நாளைக்கு டெஸ்டை வெச்சுக்கிட்டு இன்னைக்கு மணி பாக்கறவ நீ ஒருத்திதான். மத்ததுங்கல்லாம் டீச்சரக்கா, இன்னும் கொஞ்சம் ஓட்டறேன் டீச்சரக்கான்னு கெஞ்சும். நானா கூப்பிட்டு உக்கார வெச்சா உனக்குக் கசக்குது. இந்தப் பக்கத்துல பொம்பளைங்களுக்குன்னே தனியா டிரைவிங் ஸ்கூல் நடத்தறது நான் ஒருத்திதான், தெரியும்ல? ஏன் எங்கிட்ட வர்றாங்க? ஆம்பளை மாஸ்டருங்க மாதிரி எரிஞ்சு விழ மாட்டேன், கியர் சொல்லித் தர்றேன்னு கை மேல கை வெக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நம்பி ஏறலாம். அதுக்காக நீ கண்ணை மூடிடாத, எதிர்ல ஆட்டோ வருது.

குட்டிப்பயலைப் பத்தி உனக்கு என்ன கவலை? எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லதானே உக்காந்திருக்கார். அந்த சிக்னல் போர்டையும் காந்தத்துல ஒட்டற கார் பொம்மையையும் கையில குடுத்துட்டா உன் பிள்ளைக்கு உலகமே மறந்து போயிடுது. போன தடவை பாத்தேன், எல்லா வண்டியையும் ஒரே சந்துல குவிச்சு வெச்சுட்டு, ஜாம் ஆயிடுச்சு ஜாம் ஆயிடுச்சுன்னு தானே கை தட்டிக்கறான். கெட்டிக்காரப் பய. யாரு ஜாடை? உன் மூக்கு, ஆனா அந்த நெத்தி உன்னுது இல்ல. சரி சரி, விடு. இன்னும் ஒரு ரவுண்டு. தண்ணி டேங்க் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்.

பின்னாடி ஹாரன் அடிச்சா பதறாத. அடிக்கட்டும். பொறக்கறப்பவே ஸ்டியரிங்கோட பொறந்தவன் மாதிரிதான் ஒவ்வொருத்தனும் அடிப்பான்.

நான் போனைப் பாத்தா பாக்கறேன், நீ ஏன் என் பக்கம் திரும்பறே? ஒண்ணுமில்ல. நீ போட்டுக் குடுத்தியே, அந்த வக்கீலம்மா நிகழ்ச்சி, அதுல புதுசா ஏதாவது வந்திருக்கான்னு பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நீ பண்ணின பெரிய உபகாரம் அது. அந்தக் குட்டி ரேடியோ ஸ்டேஷன் இருக்கே, பாலத்தைத் தாண்டினா கொரகொரன்னு ஆயிடும். வக்கீலம்மா வர்ற நேரத்துக்கு நான் பாலத்துக்கு அந்தாண்ட எவளுக்காவது ரிவர்ஸ் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். பாதிக் கேள்வி காதுல விழும், பதில் காத்துல போயிடும். நீ வந்துதான், இதுக்கு எதுக்கு டீச்சரக்கா அல்லாடறீங்க, பாட்காஸ்ட்டா வருதேன்னு சொல்லி, என் போனை வாங்கி, எதையோ தேடி, சப்ஸ்கிரைபோ என்னவோ அதை அமுக்கி, மணி படத்தையும் அமுக்கிக் குடுத்தே. இனிமே தானா வந்து விழும், நீங்க மறந்தாலும் அது மறக்காதுன்னு சொன்னே பாரு. நெசமாவே மறக்கலம்மா. ஒவ்வொரு வாரமும் டிங்குன்னு வந்து விழுது.

முன்னாடி மாடு மாதிரி நிக்கறானே, அவனைச் சுத்திப் போ. இண்டிகேட்டர் போட்டுட்டுப் போ. ஆங்.

போன வாரத்து எபிசோடு கேட்டியா நீ? கேக்கலையா? நேரம் இல்லையா? ஐயய்யோ, என்னடி இது, எனக்குப் போட்டுக் குடுத்துட்டு நீ கேக்காம விட்டுட்டியே. நான் சொல்றேன் கேளு, நீ ஓட்டிக்கிட்டே கேளு. ஒரு பொண்ணு பேசுது. பேரு கெடையாது, ஊரு கெடையாது. குரலையும் மாத்திட்டாங்க, அடித்தொண்டையில ஆம்பளை பேசற மாதிரி இருக்கு. அதுலயும் அழறது மட்டும் பொம்பளை மாதிரியே கேக்குது. அதை மாத்தற மெஷின் இன்னும் வரலை போல.

புருஷன்கிட்டேருந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாளாம். தெரிஞ்சவங்க வீட்டு மாடியில ஒரு ரூம்ல இருக்காளாம். அவன் வெளிய போறப்போ வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போவானாம். போனைப் பிடுங்கி வெச்சுப்பானாம். ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கதவு வரைக்கும் வந்தவளை, கதவை அடிச்சுச் சாத்தி, விரலை நசுக்கிட்டானாம். சரிஞ்சு உக்காந்தவளைத் தாண்டிப் போய் டிவி போட்டானாம். அவ கேக்கறா, நான் கார் ஓட்டக் கத்துக்கறேன், லைசென்ஸ் எடுத்தா என் புது அட்ரஸ் அவருக்குத் தெரிஞ்சிடுமாம்மான்னு. பாவம், இத்தனை அடி வாங்கியும் அவருங்கறா.

ஏன் வண்டி குதிக்குது? ஃபோர்த்துல இருக்கே, மூணுக்கு வா. கிளட்சு, கிளட்சு! சரி, ஆஃப் ஆனா ஆகட்டும், ஒண்ணும் குடி முழுகிடலை. நியூட்ரல். சாவியைத் திருப்பு. எடு. எல்லாருக்கும் நடக்கறதுதான்.

வக்கீலம்மா என்ன பதில் சொன்னாங்கன்னு கேளேன். தங்கமான பொம்பளை, பதறாம சொல்லுது. அட்ரஸ் விஷயத்தை எப்படி எழுதிக் குடுக்கணும்னு சொல்லிட்டு, அதை விடுங்கம்மா, அதைவிடப் பெரிய விஷயம் உங்க பிள்ளைன்னுச்சு. வர்ற வாரம் மனு போட்டுடலாம், உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் பிள்ளையை உங்க கண் பார்வையிலேயே வெச்சுக்குங்க, யார்கிட்டயும் விட்டுட்டுப் போகாதீங்க. இந்த மாதிரி கேசுல பிள்ளை இப்ப யார்கிட்ட வளருதுன்னுதான் முதல்ல பாப்பாங்க, நிம்மதியா இருக்கற பிள்ளையைச் சட்டுன்னு பிடுங்கி மாத்த மாட்டாங்க. பெரும்பாலும் அப்படித்தான்னுச்சு. நான் ரெண்டு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பாட்காஸ்ட்டுல அது ஒரு வசதி பாரு, ரேடியோவுல ஓடினது ஓடினதுதான்.

என்னம்மா, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது? கண்ணாடியை இறக்கு. அட, ஸ்டியரிங்கை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கறே, அது என்ன பாம்பா? விரலைத் தளர்த்து. சுண்டு விரல் மட்டும் விறைச்சுக்கிட்டே நிக்குதே, அதைச் சொல்லலை, அது மடங்காதுன்னு எனக்குத் தெரியும்.

ஆமா. தெரியும். நீதான்னு தெரியும்.

ரோட்டைப் பாரு! அட ரோட்டைப் பாரும்மா! இப்ப என்ன ஆயிடுச்சுன்னு இப்படி என் பக்கமே திரும்பறே? விரலை வெச்சு மட்டும் கண்டுபிடிக்கலை. கேளு, இப்பவும் கத்துதே. டிங்... டிங்டிங். சீட் பெல்ட்டை மாட்டினாலும் கத்தும், கழட்டினாலும் கத்தும், மெக்கானிக் ரெண்டு தடவை சீட்டைப் பிரிச்சுப் போட்டுட்டுக் கையை விரிச்சுட்டான். ஊர்ல எத்தனை வண்டி இருந்தாலும் இந்தச் சத்தம் இந்த வண்டிக்கு மட்டும்தான். நான் மருந்துக்கடையில மாத்திரை வாங்கப் போனேனே, நீ வண்டியிலேயே இருக்கேன்னு சொன்னியே, அப்பப் பேசியிருக்கே. ரூம்ல பேசினா சுவத்துக்குக் காது இருக்கும்னு பயந்திருப்பே. குரலை மாத்தினவன் இந்த டிங் டிங்கை மாத்தலை. முதல் தடவை அந்த எபிசோடு கேக்கறப்போ நான் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, பெல்ட்டு, பெல்ட்டுன்னு என்னையறியாம சொல்றேன். அப்புறம்தான் சுருக்குன்னு உறைச்சுது. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

அழாதம்மா. என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நீ சொல்லலைன்னு எனக்கு வருத்தமே இல்லை. பொம்பளைக்குப் பொம்பளை புரியாதா? இங்க, டேங்க் வந்துடுச்சு, வளைச்சுத் திரும்பு. ஸ்டியரிங்கை முழுசா ஒடி. ஒடி, ஒடி, ஒடி... விடு. ஏ, பிரமாதம்! இதைச் செஞ்சேன்னா நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவான். நேராப் போ. பள்ளிக்கூட ரோட்டுப் பக்கம் ஒரு மேடு இருக்கு, மேட்டுல வண்டி எடுக்கறதை ஒரு தடவை பாத்துடலாம். இருக்கட்டும், இருக்கட்டும், பய நல்லாத்தான் இருப்பான்.

எனக்கு எதுக்கு வக்கீலம்மா நிகழ்ச்சின்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா? சட்டம் கேக்கறது பிடிக்கும்னு சொன்னேன், நீயும் நம்பிட்டே. எனக்கு ஒரு மருமக இருந்தா. இருந்தா என்ன, இருக்கா, எங்கேயோ. வந்த புதுசுல வாயே திறக்க மாட்டா. சமையல்கட்டுல எந்நேரமும் அந்த ரேடியோ ஓடும். பாட்டுக் கேக்குதுன்னு நினைச்சேன், நல்ல பொண்ணு, பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை செய்யுதேன்னு. பாட்டா கேட்டா? வக்கீலம்மாகிட்ட பாடம் படிச்சிருக்கா. சட்டம் படிச்சா, நாள் பாத்தா, ஒரு மத்தியானம் என் பேத்தியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. எதுல போனா தெரியுமா? என் பையன் கார்ல. யாரு ஓட்டக் கத்துக் குடுத்தது? நான்தான். இதே வண்டியில, நீ உக்காந்திருக்கற இதே சீட்டுல. மேட்டுல வண்டி பின்னாடி போகாம எடுக்க நான் அவளுக்குக் காலைப் பிடிச்சு வெச்சுச் சொல்லிக் குடுத்தேன்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்து. இப்ப கிளட்சைக் கொஞ்சம் விடு, வண்டி உறுமும் பாரு, அப்ப பிரேக்கை இறக்கு. போயிடுச்சா? பின்னாடி போச்சா? போகலைல்ல? அவ்வளவுதான்.

என் பையன் அடிச்சானாம், கோர்ட்டுல சொன்னா. என்ன அடிச்சான்? கோவக்காரன்தான், நான் இல்லைங்கலை. சட்டுன்னு கை நீளும், அடுத்த நிமிஷம் அவனே போய் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வருவான். கை நீளாத ஆம்பளை எங்கே இருக்கான், சொல்லு? அதுக்காக ஒரு பிள்ளையைப் பாட்டிக்கு இல்லாம பண்ணுவாளா? பிள்ளை அவகிட்டயே வளந்துடுச்சாம், அதனால அவகிட்டயே இருக்கட்டும்னுட்டாங்க. நாங்க போய்ப் பாக்கலாமாம். எங்கே? ஒரு ஆபீஸ் ரூம்ல, ஒரு குமாஸ்தா முன்னாடி. நான் சாக்லேட்டும் ஃபிராக்கும் வாங்கிட்டு ஆசையா ஓடறேன், என் பேத்தி அம்மாவோட துப்பட்டாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு என்னை ஆன்ட்டிங்குது. தேங்க்யூ ஆன்ட்டின்னு சாக்லேட்டை வாங்கிக்குது. நான் குளிப்பாட்டின பிள்ளைம்மா அது.

அதுக்கப்புறம் வீட்டையே மாத்திக்கிட்டா. எங்கேன்னு தெரியலை. அதுக்குத்தான் இந்த நிகழ்ச்சியைத் தேடிப் பிடிச்சுக் கேட்டேன். பழக்க தோஷத்துல என்னைக்காவது போன் பண்ணுவா, என்னைக்காவது வாய் தவறி ஏதாவது சொல்லுவான்னு ஒவ்வொருத்தி அழுகையையும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். அவ வரவே இல்லை. நீ வந்தே.

தோ, மெசேஜ். இரு, பாத்துடறேன்.

ம். சரி. போதும்மா, ரொம்ப நேரம் ஓட்டிட்டே, கால் வலிக்கும். அந்த மரத்தடியில ஓரமா நிறுத்து. இண்டிகேட்டர் போட்டு, பின்னாடி பாத்து, மெதுவா ஒதுக்கு. நியூட்ரல். ஹேண்ட் பிரேக். கண்ணாடியை ஏத்திடு. என்ஜினை அணைக்க வேணாம், ஏசி ஓடட்டும். சூப்பரா ஓட்டினே இன்னைக்கு. ஒரு தப்பு இல்லை. நாளைக்கு நீ போனா கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ்.

முந்தாநாள் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனேன். பாத்ரூமுக்கு டைல்ஸ் பாக்கணும்னு. நீதான் ரெண்டாவது நாள் கிளாஸ்லயே பேச்சுவாக்குல சொல்லியிருந்தியே, உன் புருஷனுக்கு பஸ் டிப்போவுக்கு எதிர்ல பெரிய டைல்ஸ் கடை, முன்னாடி பளிங்குல யானை நிக்கும்னு. யானை நெசமாவே நிக்குது, தும்பிக்கைதான் உடைஞ்சு போச்சு. அவர் கல்லாவுல உக்காந்திருந்தார். நல்ல மரியாதை தெரிஞ்ச மனுஷன். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைச்சு, வழுக்காத டைல்ஸா எடுத்துக் காட்டினார். நான் டைல்ஸைப் பாக்கலை, நெத்தியைப் பாத்தேன். அப்படியே உன் பிள்ளை. அப்புறம் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷன் அழுதான் பாரு, கடைப் பசங்க முன்னாடியே, கையில டைல்ஸை வெச்சுக்கிட்டு. விரலைப் பத்திக் கேட்டேன். கதவு காத்துல அடிச்சுச்சுன்னார். நான் நம்பினேனான்னா, நம்பலைதான். ஆனா அழறான்ல? என் பையனும் இப்படித்தான் உக்காந்து அழறான், அவனுக்கு ஒருத்தியும் போய்ச் சொல்லலையே.

இன்னும் மனு போடலைன்னு அவர்கிட்ட சொன்னேன். உத்தரவு வரலை, அதுக்குள்ள பிள்ளை யார் கையில இருக்கோ அதைத்தான் முதல்ல பாப்பாங்களாம், வக்கீலம்மாவே சொல்லியிருக்காங்கன்னு அந்த எபிசோடை அங்கேயே கல்லா மேல வெச்சுப் போட்டுக் காட்டினேன். உன் குரலை அவருக்கு அடையாளம் தெரியலை, தெரியுமா? இது யாரு ஆம்பளைங்கறார். அது உங்க பெண்டாட்டிதான்னு நான் சொன்னேன். இன்னைக்குக் கிளாசைக் கொஞ்சம் நீட்டி வெக்கறேன், நீங்க ஆபீசுக்கு வந்துடுங்கன்னேன். எங்க வீட்டுக்காரர் முதல்ல முனகினார், இதெல்லாம் நமக்கெதுக்குன்னு. பேத்தி போட்டோவை எடுத்து முன்னாடி வெச்சேன், மனுஷன் சரின்னுட்டார்.

ஏய், என்ன பண்றே? ஆக்சிலேட்டரை இப்படி மிதிக்காத, என்ஜின் கதறுது பாரு. கியரைப் போட்டாலும் போகாதும்மா, என் கால் பிரேக்ல இருக்கு. இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்குன்னு முதல் நாளே காட்டினேன்ல? நீ எவ்வளவு மிதிச்சாலும் நான் எடுத்தாத்தான் வண்டி நகரும். கத்து, கத்து, கண்ணாடி ஏத்தியிருக்கு. என் கையைப் பிறாண்டி என்ன ஆகப் போகுது? விடு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ, உன்னைவிட நான் என்னை நிறைய திட்டியாச்சு, அதனால தூக்கம் ஒண்ணும் கெட்டுப் போகலை.

இப்ப ஆபீசுக்குப் பறந்து போயும் பிரயோஜனமில்ல. வந்தாச்சு, கிளம்பியாச்சுன்னு இப்பதான் எங்க வீட்டுக்காரர் மெசேஜ் போட்டார். பிள்ளை அழலையாம். முதல்ல கொஞ்சம் முழிச்சானாம், அப்புறம் அப்பான்னு போய் ஒட்டிக்கிட்டானாம். அம்மா எங்கேன்னு ஒரே ஒரு தடவை கேட்டானாம். அம்மா டீச்சரக்காவோட கார் ஓட்டப் போயிருக்கான்னு இவர் சொல்லியிருக்கார். சரின்னு தானே செருப்பை மாட்டிக்கிட்டானாம், கால் மாத்தி.

அந்தப் பக்கம் இறங்காத, பஸ் வருது.